அதற்குள் முடிந்துபோன நடுப்பகுதி

என் அன்பு வாலுவுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று ஒத்திகை நடந்தது. அங்கே வாங்கிய அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். காலம் போவதைப் பற்றி முழு இசைக்குழுவுக்காக ஓர் இசைக்கோவையை நான் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அதன் நடுப்பகுதி, நீ பிறந்ததிலிருந்து வேலைக்குக் கிளம்பிப் போனது வரை. வீட்டில் ஆர்மோனியத்தில் அதை வாசிக்க உட்கார்ந்தால் காலை பூராவும் ஓடிவிடும். நீ தவழ்ந்த இடம் வந்ததும் நிறுத்துவேன், உனக்குப் பல் விழுந்த இடத்தில் நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டுப் பழங்கதை பேசுவேன், அவள் அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகும், திட்டுவாள், மறுபடி வாசிப்பேன். அதனால் இருப்பதிலேயே நீளமான பகுதி அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று குழுவை நடத்தும் அம்மையார் கையைத் தூக்கினார், வயலின்கள் எல்லாம் சேர்ந்து கிளம்பின, எனக்குக் கண் கலங்கியது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்கிறேன், அவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து நின்று, நிறுத்துங்க, நடுவுல பக்கத்தை விட்டுட்டீங்க என்று கத்திவிட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முன்வரிசை வயலின்காரப் பெண், உன் வயதுதான் இருக்கும், ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினாள். ஒன்றையும் விடவில்லை. நீங்க எழுதின வேகத்துலதான் சார் வாசிச்சோம் என்றார் அம்மையார். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் இருந்த உன் அம்மா மட்டும் அசரவில்லை. நிஜத்துலயும் இப்படித்தானே போச்சு, அப்ப மட்டும் யாரைப் போய் நிறுத்தச் சொன்னீங்க என்றாள்.

வேண்டுமானால் அந்தப் பகுதியை இரண்டு தடவை வாசிக்கிறோம் என்றார் அம்மையார். ஆசையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, எங்கும் நிற்காமல் ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். காபி ஆறுவதற்குள் நீ வேலைக்குப் போய்விட்டாய். பயமாக இருந்தது. நீட்ட வேண்டாம், உள்ளபடியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கச்சேரிக்கு வர லீவு கிடைக்காது, பதிவு செய்து அனுப்புங்கள், சாவகாசமாகக் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தாய். முந்தாநாள் வரை எனக்கும் அது போதும் என்றுதான் இருந்தது. இப்போது போதவில்லை, நீ வா. மேலதிகாரியிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே, மனசு சரியில்லை என்று உண்மையையே சொல். வரும்போது குளிருக்குக் காதை மூடிக்கொள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்துக்கொண்டு இருக்க எங்கள் ஆசிகள். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ எதற்கும் தாமதமாக வருகிறவள். முதல் பகுதி போனால் போகட்டும், நடுப்பகுதிக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடு. இந்தத் தடவை நான் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன்.

பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கும்,
உன் அப்பா