உளிகளுக்கு ஒரு சீட்

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் மூடுபனி. பேத்துப்பாறையிலிருந்து பூம்பாறைக்கு இரண்டு நடை. முதலில் ஜன்னலுக்கான மரச் சட்டங்கள், அப்புறம் மேசை ரம்பமும் மற்ற சாமான்களும். பாதி நாள் ரோட்டிலேயே போயிற்று.

ஹோம்ஸ்டே மேடம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏன் அந்தோணி, டெய்லி ரெண்டு ட்ரிப்பா? மே மாசம் கெஸ்ட் வந்துருவாங்க. பதினாறு ஜன்னல் இருக்கு."

"வண்டியில இடம் பத்தலைங்க மேடம்."

வேனுக்குள் எட்டிப் பார்த்தார். டிரைவருக்குப் பக்கத்து சீட் காலி. அதில் உளிச் சுருள் மட்டும், அதற்கு சீட் பெல்ட் வேறு. "இது யாருக்கு பெல்ட்?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

தீட்டிய உளியைப் பெட்டியில் போட்டால் ஒன்றோடொன்று உரசி வாய் போய்விடும். காதர் பாய் பழைய கம்பளியில் வரிசையாகச் சுற்றி, தன் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார். நானும் அவரும் சேர்ந்து வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான். இப்போது பெல்ட் போடாவிட்டால் முதல் வளைவிலேயே உருண்டு கீழே விழுகிறது.

மரத்தூளும் குளிரும் சேர்ந்து பாய்க்கு இழுப்பு. மார்கழியில் பழனிக்கு, மகனின் ஆணிக்கடைக்குப் போனார். "பெருநாள் முடிஞ்சதும் வந்துருவேன். சீட்ட யாருக்கும் குடுத்துராதலே" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பெருநாளும் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 7, செவ்வாய்

வெயில். ஏற்றும் வரிசை, பாய் போட்டது. மறக்காமலிருக்க:

– மேசை ரம்பம், பின் சக்கரங்களுக்கு நேர் மேலே. இன்னும் பின்னே தள்ளினால் ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிவிடும்.
– ரம்பத்தின் வட்டப் பிளேடைக் கழற்றி இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில்.
– டிரில், ஒயர். கிளாம்புகளைத் தொங்கவிடாதே, படுக்கப் போடு.
– கடைசியில் ஏற்ற வேண்டியது, முதலில் கைக்கு வர வேண்டியது: மரச் சுத்தியல் கொட்டாப்புளி, மூலைமட்டம், டீ ஃபிளாஸ்க்.
– சட்டங்கள்? இடமில்லை.

பூம்பாறையில் வண்டியை மேட்டை ஒட்டி நிறுத்த வேண்டும். இடப்பக்கக் கதவு திறக்காது. பாய் இருந்தால் ஏற்றும் முன்பே கேட்பார், "மேடு எந்தப் பக்கம்?" என்று.

ரம்பத்தை அங்கேயே விட்டுவரலாம்தான். ஜன்னலே இல்லாத வீட்டில் எதைப் பூட்டுவது?

ரம்பத்தின் கால் விட்டுப்போய் வெல்டிங் கடைக்குப் போனேன். முருகேசன் வேனைச் சுற்றிவந்து பார்த்தான்.

"அந்த முன் சீட்டக் கழட்டிப்புடுங்கண்ணே. சட்டம் டேஷ்போர்டு வரைக்கும் நீட்டிப் படுத்துக்கும். எல்லாம் ஒரே நடையில போயிரும். சின்னச் சோலி."

"சனிக்கிழம பாப்போம்."

"போன மாசமும் சனிக்கிழமன்னுதான் சொன்னீங்க."

"ஒஞ்சோலியப் பாருலே" என்று கத்திவிட்டேன். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னான். இன்று வாய் திறந்து பேசியது அவனிடம் மட்டும்தான், அதுவும் சண்டை.

ஏப்ரல் 8, புதன்

சட்டங்களை மேல் கேரியரில் போட்டு, தார்ப்பாய் கட்டி, ஒரே நடையாகப் போய்ப் பார்த்தேன். கொடைக்கானல் தாண்டியதும் மழை. ஆறு சட்டம் ஊறிவிட்டது. ஈர மரத்தில் ஜன்னல் செய்தால் காய்ந்ததும் சந்து விழும். வேலை நின்றது.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "முடியலைன்னா சொல்லிருங்க அந்தோணி, வேற ஆள் பாக்குறேன்."

திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. ரோட்டின் இட ஓரம் தெரியவில்லை. பாய் தலையை வெளியே நீட்டி "இன்னும் வா, வா, போதும்" என்பார். ஓரங்கட்டி நிறுத்தி, பனி விலகும்வரை உட்கார்ந்திருந்தேன். உளிச் சுருளிடம் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

பாய்க்கு போன் போட்டேன். சாமான் ஏற்றுவதைப் பற்றித்தான் கேட்பது, வேறு எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு.

"பாய், சட்டமும் ரம்பமும் சேத்து ஏத்தணும். வழி தெரியல."

பின்னால் கடைச் சத்தம். யாரிடமோ "அரைக் கிலோ போடு" என்றார். பிறகு என்னிடம்:

"சட்டம் எத்தன அடி?"

"ஏழர."

"மேடு எந்தப் பக்கம்?"

"எடது."

"ரம்பத்தக் குறுக்க வச்சுப் பாத்தியா?"

"கதவு மூட மாட்டேங்குது."

"கேரியரு?"

"நனஞ்சுபோச்சு பாய்."

இருமினார்.

"ஏலே அந்தோணி. முன் சீட்டக் கழட்டிரு."

போனைக் காது மாற்றிப் பிடித்தேன். அவரே தொடர்ந்தார்:

"நாலு போல்ட்டு. பின்னாடி ரெண்டும் துருப்புடிச்சுக் கெடக்கும். மொத நாளே டீசல் ஊத்தி ஊற வையி. வெரசாத் திருகாத, மண்ட தேஞ்சுபோயிரும். பெல்ட்டு மட்டும் இருக்கட்டும், அத வச்சு சட்டத்தக் கட்டிக்க."

"அப்ப உளி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கடையில ஆளு நிக்குதுப்பா. பெறகு பேசுறேன்."

வரமாட்டார். மூச்சுவிட முடியாத மனிதரை இந்தக் குளிருக்குள் வா என்று எப்படிக் கூப்பிடுவது? எனக்குத் தெரியாததா? இருந்தாலும் அழுகை வந்தது. வீட்டில் மறைக்க யாருமில்லை. நன்றாக அழுதேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

போல்ட்டுகளில் டீசல் ஊற்றினேன். மதியம் வரை படுத்தே கிடந்தேன். கஞ்சி.

ஏப்ரல் 11, சனி

முருகேசன் தானாகவே ஸ்பேனரோடு வந்தான். கத்தியதை அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பாய் சொன்ன அந்த இரண்டு போல்ட்டும் மெதுவாகத்தான் அசைந்தன. சீட்டுக்கு அடியில் மரத்தூள், ஒரு கற்கண்டு, தச்சுப் பென்சில் ஒன்று. அந்தப் பென்சிலை நான்தான் சுட்டுவிட்டேன் என்று ஒரு வாரம் திட்டித் தீர்த்தார் பாய். போனில் சொல்ல வேண்டும்.

"சீட்ட பழைய இரும்புக்குப் போட்டுரவாண்ணே?"

"கெடக்கட்டும்லே."

சமையல்கட்டுச் சுவரோரம் வைத்திருக்கிறேன். கால் இடறுகிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

பூசைக்குப் போனேன். கடைசி பெஞ்சு. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் ஆளில்லை. முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

லேசான பனி. வெள்ளனே ஏற்றினேன். சட்டங்கள் டேஷ்போர்டு வரை, பெல்ட் போட்டு இறுக்கி. ரம்பம் அதன் இடத்தில். எல்லாம் அடங்கிவிட்டது. ஒரே நடை. வழி முழுக்க ஒரு சாமான் சத்தம் போடவில்லை. பாய் சொன்னால் சொன்னதுதான்.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர் அந்தோணி! இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?"

"செஞ்சிருக்கலாங்க மேடம்."

மூன்று ஜன்னல் முடிந்தது.

உளிச் சுருளைப் பெட்டியில் போட மனம் வரவில்லை. சட்டங்களின் மேல் வைத்தால் நழுவுகிறது. போகும்போதும் வரும்போதும் என் மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் இடிக்கிறது.