நீங்கள் பிடித்த மீன்

கயாக்கை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறேன். உங்களை எழுப்பவில்லை, எழுப்பினால் பேச வேண்டியிருக்கும்.

பக்கத்து கேரவன்காரரும் அவர் மனைவியும் மதியம் சாப்பிட வருகிறார்கள். மீன் ஃபிரிட்ஜில் இருக்கிறது. நேற்று அரை மணி நேரம் கை கடுக்க அதை இழுத்துப் போட்டவள் நான். நீங்கள் அவர்களிடம், "நான்தான் புடிச்சேன், இவ சும்மா துடுப்புதான் போட்டா" என்றீர்கள். பிடித்தவரே செதில் சுரண்டட்டும், சமைக்கட்டும்.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவேன். அதற்குள் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் எதிரிலேயே நான் சொல்வேன்.

சமைத்ததும் கேஸை மூடுங்கள்.

இன்னொன்று. கோபத்தில் நம் கேரவனைக் கிளப்பிக்கொண்டு போய்விடாதீர்கள். கடலிலிருந்து நான் கரையை அடையாளம் பார்ப்பது அதன் வெள்ளைக் கூரையை வைத்துத்தான். உங்களை வைத்து அல்ல.