என் டாக்சியின் எண்

4 மார்ச் 2019, திங்கள்

சஃபோவா மேடத்தின் கார் இன்று என் ரிப்பேர் கொட்டகைக்கு வந்தது. மழை விழுந்தால் ஹாரன் தானாக அலறுகிறதாம். வைப்பர் வேண்டாதபோது ஆடுகிறது, வேண்டும்போது படுத்துக்கொள்கிறது. கதவுகள் நடுரோட்டில் தாமாகப் பூட்டித் திறக்கின்றன. ஏற்கெனவே மூன்று பட்டறை பார்த்தாகிவிட்டது. ஒருவன் பேட்டரியை மாற்றினான், ஒருவன் வைப்பர் மோட்டாரை. மூன்றாமவன் பேய் என்றானாம்!

மேடம் பிரசவம் பார்க்கும் நர்ஸ், ஊர் ஊராக ஓட வேண்டியவர். "பேயா இருந்தா இப்பவே சொல்லிடுங்க மாஸ்டர், பாஸ்டரைக் கூப்பிட்டுக்கிறேன். உங்களுக்கும் கூலி குடுத்து அவருக்கும் கோழி குடுக்க என்னால ஆகாது."

என் டாக்சியின் அதே மாடல். கதவைத் திறந்ததுமே என் வண்டி ஞாபகம் வந்தது. அது காணாமல் போய் எட்டு மாதம். நம்பி ஓட்டக் கொடுத்த வண்டியை விற்றுத் தின்றவன் அந்த என்சியா. இந்த வருஷம் அவனைப் பற்றி எழுதுவதில்லை என்றிருந்தேன். எழுதிவிட்டேன்.

5 மார்ச், செவ்வாய்

ஸ்கேனரை மாட்டினால் என்ஜின் பேசுகிறது, பிரேக் பேசுகிறது. பாடி கண்ட்ரோல் மாட்யூல் மட்டும் வாயே திறக்கவில்லை. விளக்கு, ஹாரன், வைப்பர், பூட்டு எல்லாவற்றுக்கும் உத்தரவு போடும் பெட்டி அதுதான். அதற்காக உடனே அதைப் பிடுங்கிவிடுவேனா? நான் அந்த மூன்று பேரில் ஒருவன் அல்ல. பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா என்று அளந்தேன். வருகிறது. எர்த் பார்த்தேன், சுத்தம். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் அறுந்திருக்கவில்லை. மற்ற யார் மேலும் தப்பில்லை என்று தெரிந்த பிறகுதான் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே களிம்பு பச்சைப் பசேல் என்று பூத்திருக்கிறது. முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழை சொட்டியிருக்கிறது.

இனி வேறு பெட்டிதான். அடோமாக்கோவிடம் சொல்லியனுப்பினேன். பழைய வண்டிகளை வெட்டி விற்கிறவன், குமாசியில் அவனிடம் இல்லாத பாகம் இல்லை.

6 மார்ச், புதன். கானா சுதந்திர தினம்

பட்டறைகள் மூடல். அடோமாக்கோ வீட்டில் ஃபூஃபூக் களி, ஆட்டுக்கறிக் குழம்பு. வண்டி போன அன்று என்னோடு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவன். எனக்காக மூன்று நாள் உபவாசம் இருந்தவன். இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான்?

பெட்டி இருக்கிறதாம், நாளை தருகிறான். "டப்பா தானே மாஸ்டர், மாட்டினா ஓடப்போகுது" என்றான். இரும்பு தெரிந்த அளவுக்கு அவனுக்குக் கம்பி தெரியாது.

7 மார்ச், வியாழன்

பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு அடோமாக்கோ தந்த பெட்டியை மாட்டினேன். பாகத்தின் எண் அட்சரம் பிசகாமல் பொருந்தியது. ஸ்கேனரில் பெட்டி உடனே பேசியது. இந்தப் பெட்டிகள் தாங்கள் பிறந்த வண்டியின் சேஸிஸ் எண்ணை உள்ளே வைத்திருக்கும். அதை மாற்றி மேடத்தின் வண்டி எண்ணை எழுத வேண்டும். பழைய எண் திரையில் வந்தது.

கடைசி ஆறு இலக்கம் 417083.

இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம், மனப்பாடம். போலீஸுக்கும் டாக்சி சங்கத்துக்கும் எத்தனை முறை எழுதிக் கொடுத்திருப்பேன்.

என் டாக்சி.

மூன்று தடவை மறுபடி படித்தேன். மூன்று தடவையும் அதேதான்.

8 மார்ச், வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. அடோமாக்கோ எவனிடமோ வாங்கியிருப்பான், அவனுக்குத் தெரிந்திருக்காது... இல்லையா?

9 மார்ச், சனி

தெரிந்திருக்கிறது.

எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். தேமா துறைமுகத்தில், கப்பலில் வந்த சரக்கு என்றான். கண்ணே சிமிட்டவில்லை. பெட்டியை அவன் மேஜையில் வைத்து, உள்ளே என் வண்டியின் எண் இருக்கிறது என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தான்.

"இதுக்குள்ளயுமா எழுதியிருக்கும்?"

அவ்வளவுதான். சேஸிஸில் எண்ணை ராவியிருக்கிறான், என்ஜினில் ராவியிருக்கிறான், கண்ணாடியில் கூடச் சுரண்டியிருக்கிறான். இந்தக் கறுப்பு டப்பாவுக்கு ஞாபகம் உண்டென்று அவனுக்குத் தெரியவில்லை.

பாவி. என் கூடவே உக்காந்து அழுதியேடா. நான் அழுதப்ப முதுகைத் தடவிக் குடுத்தியே. அந்தக் கையாலதான் வெட்டினியா?

11 மார்ச், திங்கள்

பெட்டியையும் ஸ்கேனர் காகிதத்தையும் போலீஸில் கொடுத்தேன். மாலையில் அடோமாக்கோவைப் பிடித்துவிட்டார்கள். அவன் கிடங்கில் என் வண்டியின் பின்கதவு இருந்ததாம், என் மகன் ஒட்டிய ஸ்டிக்கரோடு. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

எல்லாம் இப்போதுதான் வரிசையாக வருகிறது. வண்டி போன அன்று மத்தியானம் என்சியா சாப்பிட இறங்கினான். திரும்பி வந்தால் வண்டி இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்று கூடக் கீழே இல்லை. சாவி போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆகவே அவன்தான் என்றேன். இரண்டாவது சாவி? நான் எதையும் தொலைத்துவிடுவேன் என்று அடோமாக்கோவின் இழுப்பறையில் கொடுத்து வைத்திருந்தேன். "பத்திரமா இருக்கு" என்றான். போய்ப் பார்த்தேனா? இல்லை.

என்சியா சொன்னது காதில் நிற்கிறது. "வாங்க மாஸ்டர், அந்தோவா ஆத்துக்குப் போவோம். முட்டையை நானே வாங்கிட்டு வர்றேன். எடுத்தவன் எவனோ அவன் சாகட்டும்னு சொல்லி ஆத்துல போடறேன், நீங்க நின்னு பாருங்க." பொய்யன் எவனும் அந்த ஆற்றின் பக்கம் போகமாட்டான். நான் கிளம்பினேன். நாம் சபைக்காரர்கள், ஆற்றுத் தெய்வம் நமக்கெதுக்கு, கடவுளிடம் விட்டுவிடு என்று தடுத்தது யார்? அடோமாக்கோ. எவ்வளவு பக்தி என்று நினைத்தேன். அது பக்தி இல்லை, உயிர்ப்பயம்.

ஒரு பெட்டியைக் கழற்றக் கரண்ட் பார்த்தேன், எர்த் பார்த்தேன். ஒரு மனுஷனைக் கழற்ற ஒன்றுமே பார்க்கவில்லை. என் ஒரு வார்த்தைக்குச் சங்கம் அவனை ஸ்டாண்டிலிருந்து துரத்தியது.

15 மார்ச், வெள்ளி

மேடத்துக்கு வேறு இடத்தில் பெட்டி கிடைத்தது. எண்ணைப் படித்துப் பார்த்த பிறகே வாங்கினேன். மேடத்தின் சாவியைப் புதுப் பெட்டிக்குப் பழக்கி, கண்ணாடி ரப்பரையும் மாற்றிவிட்டேன். மழையில் ஓட்டிப் பார்த்தோம், ஹாரன் வாயை மூடிக்கொண்டது. பேய் போய்விட்டதா என்று கேட்டார். அது வண்டியில் இல்லை என்றேன்.

17 மார்ச், ஞாயிறு

தெச்சிமான் போனேன். என்சியா அங்கே சந்தையில் லாரிக்குப் பெருவள்ளிக்கிழங்கு ஏற்றுகிறான். எங்கள் வழக்கப்படி நேரே போய் நிற்காமல், சங்கத் தலைவரை எனக்காகப் பேச அழைத்துப்போனேன். மன்னிப்புக் கேட்க ஸ்னாப்ஸ் சாராயப் பாட்டில் கொண்டுபோனோம். தலைவர் எல்லாவற்றையும் சொன்னார்: பெட்டி, எண், அடோமாக்கோ. ஸ்டாண்டில் அவனுக்கு மறுபடி இடம் உண்டு என்றும் சொன்னார்.

என்சியா தலைவருக்குத் தண்ணீர் கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். பாட்டிலைத் தொடவில்லை. பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒரு டப்பா சொன்னதும் நம்பிட்டீங்க மாஸ்டர். நான் எத்தனை வாட்டி சொன்னேன்."

பாட்டில் திரும்பி வந்தது, என் மடியிலேயே.

26 ஏப்ரல், வெள்ளி

என்சியா ஊர் திரும்பி இரண்டு வாரமாகிறது என்று தலைவர் சொன்னார். வேறொருவரின் டாக்சி ஓட்டுகிறான். இன்று காலை நம் தெருவுக்குள் வந்தான். இண்டிகேட்டர் எரியவில்லை, தூரத்திலேயே தெரிந்தது. நான் ஸ்கேனரை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

என் கொட்டகையைத் தாண்டிப் போய் எதிர்க் கொட்டகையில் நிறுத்தினான்.

அந்தக் கொட்டகைக்கார முட்டாள் எதையும் அளக்காமல் டாஷ்போர்டைக் கழற்ற ஆரம்பித்தான். முதலில் எர்த்தைப் பார் என்று கத்த எழுந்தேன். என்சியா திரும்பிப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டேன்.