வெயிலில் வைக்க வேண்டாம்

இஞ்சேருங்கோ,

புட்டும் சம்பலும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போவதென்றால் கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு பஸீஹாவிடம் கொடுங்கோ.

மேசையில் இருப்பது ரோச் லைற்றுக்கு வாங்கிய புதுப் பற்றரி. லிதியமாம். ஹபீல் நானாவின் கடையில் மலிவாய்க் கிடைத்தது. "தங்கச்சி, இதுக்கு மட்டும் சூடு காட்டிராதீங்க, வெடிக்கும்" என்றார். யாழ்ப்பாணத்தில் சண்டையால் பற்றரிக்குத் தடை இருந்தபோது செய்தது போல, முடிந்ததும் வெயிலில் காயவைத்து உயிர் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஜன்னலில் நீங்கள் வெயிலுக்கு வைத்த பழைய பற்றரிகளை நான் எறியவில்லை. விடிய எழும்பிப் பார்த்தேன். ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய பனிப்புகார் உள்ளே வந்து அவற்றின் மேல் படுத்திருந்தது. வீடே ஒரு முகிலுக்குள் மிதப்பது போல இருந்தது. நீங்கள் ரோச்சைக் கையில் பிடித்தபடி நித்திரை.

இராத்திரி கரண்ட் போனபோது, "பற்றரி வீணாப் போகுது, ரோச்சை நூரும், இருட்டில இருப்பம்" என்றீர்கள். "இது யாழ்ப்பாணமில்லை" என்று நானும் சீறிவிட்டேன்.

வேலைக்குப் போகிறேன்.
தவமணி

பி.கு: இன்றைக்கும் கரண்ட் போகுமாம். ரோச்சை நூர்க்க வேண்டாம். ஐந்து வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறீர்கள், உங்கட முகத்தை நான் இன்னும் ஆறுதலாகப் பார்க்கவில்லை. பற்றரி முடிந்தால் முடியட்டும்.