பேர் பதிய மாட்டேன்

கந்தப்பளை
2025 மார்ச் 9

என் அன்புத் தங்கச்சி பூரணிக்கு அக்கா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று நீதான் சொல்ல வேண்டும். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கடைசி வரை வாசித்துத்தானே ஆகவேண்டும், அதனால்தான் தபால்.

இனிமேல் மலை ஏறக்கூடாது என்று டொக்டர் என் முழங்காலைப் பார்த்துச் சொல்லிவிட்டார். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டேன். தோட்டத்துப் பதிவிலிருந்து என் பேரையும் வெட்டிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேறொரு ஆள் பேர் பதிந்து வேலைக்கு வராவிட்டால் லய வரிசையில் தோட்டம் நமக்குத் தந்த இந்தக் காம்பரா அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லியனுப்பியிருக்கிறார். ஜூன் மாதம் முடியும்வரை பொறுப்பாராம். அப்பா அம்மாவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. வீட்டில் ஆள் என்றால் நீயும் நானும்தான். நீ பிறந்ததும் இந்தக் காம்பராவில்தான்.

புத்தளத்தில் புடவைக் கடை வேலை என்றாய், சரியென்று அனுப்பினேன். இப்போது கடை பாதி நாள்தானாம், மீதி நாள் கடலோரக் களப்புச் சேற்றில் இறங்கிக் கண்டல் செடி நடுகிறாயாம், அதுவும் சம்பளமில்லாமல்! பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மாவிடம் சொல்லி அழுதேன். "ஏன்டி, சும்மா வேலை செய்யிறதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமா? நம்ம பரம்பரையே இங்க அதைத்தானே செஞ்சிச்சு" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விளையாட்டு போதும். வந்து பேர் பதி.

உன் அக்கா
ஜீவராணி


புத்தளம்
2025 மார்ச் 21

அன்பு மிக்க அக்காவுக்கு,

முழங்கால் செய்தியை வாசித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வலிக்கிறது என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? எண்ணெய் அனுப்புகிறேன். இரவில் தேய்த்துக்கொள்ளுங்கள், பேச்சியம்மாவுக்குத் தானம் செய்துவிடாதீர்கள்.

இனிக் கோபப்படாமல் வாசியுங்கள். இங்கே ஒரு காலத்தில் உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்களை வெட்டி, கரை கட்டி, இறால் பண்ணை போட்டார்கள். இறாலுக்கு நோய் வந்ததும் முதலாளிமார் போய்விட்டார்கள். மரமும் இல்லை, மீனும் இல்லை, வெறும் குழிகள். மீனவப் பெண்கள் சிலரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து அந்தக் கரைகளை உடைத்துக் களப்புத் தண்ணீரை உள்ளே விட்டுத் திரும்பவும் கண்டல் நடுகிறார்கள். மூன்று வருடமாக நடக்கிறது. நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

அங்கே விடியற்காலைப் பெரட்டு இல்லை அக்கா. வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட யாருமில்லை. கொழுந்தை நிறுக்கக் கணக்கப்பிள்ளை தராசோடு நிற்கவில்லை. நாங்கள் நடுகிற செடியில் யாரும் கொழுந்து பறிக்கப் போவதில்லை. மீனும் நண்டும் குஞ்சு பொரிக்கட்டும் என்று நடுகிறோம், அவ்வளவுதான். நம் ஆட்களில் இப்படி ஒரு செடி நட்டவர்கள் யாராவது உண்டா, சொல்லுங்கள்?

நான் பேர் பதிய மாட்டேன். நீங்கள் இங்கே என்னோடு வந்துவிடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
பூரணி


கந்தப்பளை
2025 ஏப்ரல் 16

பூரணிக்கு,

சித்திரை வருடம் பிறந்தது. பொங்கினேன். தனியாகச் சாப்பிட்டேன்.

மீனுக்கும் நண்டுக்கும் வீடு கட்டுகிறாய், நல்ல காரியம். அக்காவுக்கு?

உன்னோடு வந்து நான் யார் வீட்டு மூலையில் உட்காருவது? பாதி நாள் சம்பளத்தில் ஒரு அறையில் ஒண்டியிருக்கிறாய், அதில் இரண்டு பேரா? நமக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது, நீ அடுத்தவன் களப்புக்குக் காவல் நிற்கிறாய். அங்கேயும் யாராவது பெரிய மனிதன் காகிதத்தோடு வருவான், உங்கள் செடியைப் பிடுங்கி எறிவான். அப்போது உன் கையில் என்ன இருக்கும்? இங்கே வந்து பேர் பதிந்தால் கூரையாவது இருக்கும்.

எண்ணெய் வந்தது. பேச்சியம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். அப்படித்தான் கொடுப்பேன்.

ஜீவராணி


புத்தளம்
2025 மே 11

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் சொன்ன மாதிரியே காகிதத்தோடு ஒருவன் வந்தான். போன வாரம், மண் நிரப்புகிற லொறியோடு. ஹோட்டல் கட்டப்போகிறானாம். மார்கிரட் அக்காதான் எங்களுக்கு மூத்தவர், இறால் கூடை சுமந்தே தோள் சாய்ந்த மனுஷி. நேரே தண்ணீரில் இறங்கி நடுவில் நின்றுகொண்டார். நாங்களும் இறங்கினோம். "உங்களிட்ட என்ன காணி உறுதிப் பத்திரம் இருக்கு?" என்று அவன் கேட்டான். "உறுதி இல்ல தம்பி. ஆனா இது நாங்க நட்டது. போக மாட்டம்" என்றார். வெயிலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். லொறி திரும்பிப் போய்விட்டது. திரும்ப வரும், தெரியும். நாங்களும் திரும்ப இறங்குவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்கக்கூடாது. சித்திரை மழையில் ஒரு குழியிலிருந்த கன்றுகளைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. தேயிலைக்கு அடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும் என்றுதானே நமக்குத் தெரியும்? யாரையும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்து, அப்பா வெட்டுகிற மாதிரி சரிவு பார்த்து ஒரு கான் வெட்டிவிட்டேன். தண்ணீர் முழுவதும் வடிந்தது. எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச நாளில் சேறு வெடித்து, மேலே உப்புப் பூத்து, அத்தனை கன்றும் கருகிவிட்டது. மார்கிரட் அக்கா பார்த்துவிட்டு, "பிள்ள, இதுக்குத் தண்ணிதானே சோறு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கானை நானே அடைத்தேன். நான் சாகடித்த கன்றுகளுக்குப் பதிலாக நானே புதுக் கன்றுகளை நட்டு, அவை தளிர் விட்டதைப் பார்க்காமல் எங்கேயும் வரமாட்டேன். என்னை மன்னியுங்கள், ஆனால் கூப்பிடாதீர்கள்.

பூரணி


புத்தளம்
2025 ஜூன் 19

அக்காவுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. போனை எடுக்கவுமில்லை. பேச்சியம்மாவின் மகனுக்கு எடுத்துக் கேட்டேன். கணக்கப்பிள்ளை வந்து சாமான்களைக் கட்டச் சொல்லிவிட்டுப் போனாராம். நீங்கள் பாட்டுக்கு உலை வைத்தீர்களாம்.

முடியவில்லை அக்கா. என் வீம்புக்கு உங்களைத் தெருவில் நிறுத்த மாட்டேன். வேலையை விடுவதாகக் கடைக்குச் சொல்லிவிட்டேன். மார்கிரட் அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அவர் என் தலையைத் தடவினார். திரும்ப நட்ட கன்றுகள் இன்னும் தளிர்க்கவில்லை, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாத முடிவுக்குள் வந்து பேர் பதிகிறேன். எனக்கு ஒரு கூடை மட்டும் தேடி வையுங்கள்.

உங்கள் பூரணி


கந்தப்பளை
2025 ஜூன் 24

என் கண்ணான பூரணிக்கு,

இதை வாசித்த கையோடு பெட்டியைப் பிரி. நீ வரக்கூடாது.

உன் மே மாதக் கடிதத்தைப் பேச்சியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கான் வெட்டிய கதைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், மன்னித்துக்கொள். தண்ணீரில் நின்ற கதையைப் பேச்சியம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கூப்பிடாதீர்கள் என்றாய், உன்னைக் கூப்பிடாமல் எழுத எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் எழுதவுமில்லை, போனை எடுக்கவுமில்லை.

நேற்றுக் காலை ஒரு தடியை ஊன்றிக்கொண்டு ஆபீசுக்கு ஏறினேன். முழங்கால் செத்துப்போயிற்று. துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். அவருக்கு முன்னால் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, புத்தளத்துல மூணு வருசமாச் செடி நட்ட பொம்பளைங்க, நாங்க நட்டது, போக மாட்டோம்னு நிக்கிறாங்க. லொறி திரும்பிப் போயிருச்சு. இந்த மலையில தேயிலைய நட்டது யாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் நான் காம்பராவ விட்டுட்டுப் போறேன்."

அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை என்னை எழுந்திருக்கச் சொன்னார். அப்போதுதான் பார்க்கிறேன், பேச்சியம்மா வருகிறாள், பின்னால் நம் லயத்துப் பெண்கள் எல்லோரும், கூடையும் கையுமாக. யாரும் மலைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. யோசித்துச் சொல்கிறேன் என்று துரை உள்ளே போனார். யோசிக்கட்டும். நாளைக்கும் போய் உட்காருவோம். அவர் என்ன சொல்வாரோ தெரியாது, சாமான்களை நான் கட்டவில்லை.

நீ வந்து பேர் பதிந்தால் அவருக்கு நிம்மதி. ஒரு ஆள் கிடைத்தது, கேள்வி முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்வார். உன் வேலைக்குக் கூலியாக இந்தக் காம்பரா எனக்கு வேண்டாமடி. நாம் நட்டதற்காக வேண்டும்.

கூடை தேடவில்லை. தேடவும் மாட்டேன். நீ பேர் பதிய வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

போய் உன் தண்ணீரில் நில்.

உன் அக்கா
ஜீவராணி