இருபத்தெட்டாவது கிலோமீட்டர்

மார்ச் 3

என் மட்டக்குதிரைக்கு,

உங்கள் பொண்டாட்டி மூட்டைக்காரி எழுதுவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். நீங்கள் போய் ஐந்து வாரம் ஆகிறது. செத்தவருக்கு எதற்குக் கடிதம் என்று என் தங்கை கேட்கிறாள். உயிரோடு இருப்பவர்கள் யாரோடு பேசினாலும் குமட்டுகிறது, அதனால்தான்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு. "பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டே போயிட்டார், கொடுத்துவச்சவர்!" லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷர் ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போய், ரோட்டோரம் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது கொடுப்பினையா? சொல்லிவிட்டு, காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்கிறார்கள்.

உங்கள் ஷூ கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற எனக்கே அந்த நாற்றம் தாங்கவில்லை. உள்ளே உங்கள் கறுத்துப்போன கால் நகம் ஒன்று இருந்தது. சீ என்று குப்பையில் போட்டேன். அப்புறம் குப்பையைக் கிளறி எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஓட்டம் ஓட்டம் என்று எத்தனை ஊர், எத்தனை லாட்ஜ்! நுழைந்ததும் நான் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, இது ரத்தம், இது குழம்பு, இது குழந்தை மூத்திரம் என்பேன். "கறைக்கே ஜாதகம் சொல்றாடா என் பொண்டாட்டி" என்று கூட ஓட வருகிற உங்கள் சிநேகிதன் கொக்கிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். ஒருமுறை மூட்டைப்பூச்சி கடித்து முதுகு முழுக்கத் தடிப்போடு ஓடினீர்கள். அம்மை என்று பயந்து ஆட்கள் ஒதுங்கினார்களாம், அதனால்தான் முன்னால் வந்தேன் என்று பெருமை வேறு.

ஷூவை இன்னும் கழுவவில்லை.

உங்கள் மூட்டைக்காரி


மார்ச் 19

என் மட்டக்குதிரைக்கு,

ஓட்டம் நடத்துகிறவர்கள் வந்தார்கள். அடுத்த தடவை உங்கள் ஞாபகமாக ஓடப்போகிறார்களாம். பனியனில் உங்கள் முகத்தை அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆயிரம் பேர் போட்டுக்கொள்வார்களாம். ஆயிரம் பேர் வேர்வைக்கு நடுவில் உங்கள் முகம். அது அப்புறம் எந்த வாளியில் எப்படி ஊறும் என்று எனக்குத் தெரியாதா?

"நீங்கதாம்மா கொடி அசைச்சுத் தொடங்கி வைக்கணும்."

"அசைச்சா எழுந்து வந்துடுவாரா?" என்றேன்.

தலைவர் பக்கத்து ஆளிடம், "உணர்ச்சிவசப்படறாங்க" என்றார், ஏதோ நான் அங்கே இல்லாத மாதிரி. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கொக்கும் கூட வந்திருந்தான். பத்து வருடம் உங்களோடு ஓடியவன், நம் வீட்டில் நேராக அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் திறந்து பார்க்கிறவன். அன்றைக்கு வாசலோடு நின்றான். "உள்ள வாயேன்டா" என்றேன். "ஷூ அழுக்கா இருக்கு அண்ணி" என்றான். காலில் செருப்புதான் போட்டிருந்தான்.

உங்கள் மூட்டைக்காரி


மார்ச் 27

மட்டக்குதிரை,

இன்றைக்கு உன்னை 'நீங்கள்' என்று எழுதக் கை வரவில்லை.

கொக்கு தனியாக வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இருபத்தெட்டாவது கிலோமீட்டர்ல அண்ணன் ரோட்டோரமா உட்கார்ந்திருந்தார் அண்ணி. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்."

"நீ என்னடா பண்ணின?"

"'எழுந்து வாண்ணே'ன்னு கத்திட்டு... தாண்டிட்டேன். அன்னைக்குக் கால் நல்லா வந்துச்சு அண்ணி. நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சுடலாம்னு. நின்னா போயிடும்னு."

"முடிச்சியா?"

"மூணு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம்."

அதைச் சொல்லும்போது அந்தக் கேடுகெட்ட மூஞ்சியில் ஒரு துளி பெருமை வந்துவிட்டுப் போனது. நான் பார்த்தேன். வெளியே போடா என்றேன். படியில் நின்று அழுதான். "கொடி அசைக்கிற அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடவா? இல்ல, மன்னிச்சுட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை... நாளைக்கு வரேன் அண்ணி."

அவன் நின்ற இடத்தை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போதுதான் அந்தக் கடலோர ஊர் ஞாபகம் வந்தது.

ஓட்டமும் ஆச்சு, ஊர் சுற்றினதும் ஆச்சு என்று கூட்டிக்கொண்டு போனாய். கெட்ட மீனைத் தின்று எனக்கு வாந்தியும் பேதியும். குழாயில் தண்ணீர் இல்லை. என் அசிங்கத்திலேயே கக்கூஸ் வாசலில் கிடந்தேன். காலையில் நீ ஷூ மாட்டிக்கொண்டு வந்தாய். "பேர் கொடுத்தாச்சுடி, நாலு மணி நேரம், ஓடி வந்துடறேன்." என் காலைத் தாண்டிப் போனாய். பக்கத்து அறைக்காரி யாரோதான் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மத்தியானம் வந்து, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த என் கழுத்தில் மெடலை மாட்டினாய். நர்சு கைதட்டினாள், நானும் சிரித்தேன். அதை எத்தனை வீட்டில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்! கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். கொக்குதான் எல்லாரையும்விட அதிகம்.

நாளைக்கு வருகிறவன் மூஞ்சியில் காறித் துப்பத்தான் இருந்தேன். இப்போது துப்பினால் அது யார் மேல் விழும் என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். உட்கார்ந்து கையைத் தூக்கியது கொக்கு என்று வைத்துக்கொள். அன்றைக்குக் கால் நல்லா வந்தது உனக்கு. நீ நின்றிருப்பாயா?