லேயாளின் பக்கம்

மயூர் விஹார், டெல்லி
வியாழக்கிழமை

அன்புள்ள ஹம்சாவுக்கு, அம்மாவின் ஆசிகள் பல.

இங்கே எல்லோரும் சௌக்கியம். புகைமூட்டம் ஆரம்பித்துவிட்டதால் அப்பா காலை நடையை நிறுத்திவிட்டு ஹாலிலேயே எட்டுப் போட்டு நடக்கிறார். நடுவில் நான் காய் நறுக்க உட்கார்ந்தால் அவருக்குக் கோபம் வருகிறது. டப்ளினில் மழை விட்டதா? காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனில் சொல்லாமல் எதற்கு இப்படிக் கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடு என்பார், உன் தங்கை சுஜாதா பின்னால் வந்து நிற்பாள். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை. அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அப்பா அடுத்தவர் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர் இல்லை. அதனால் சாப்பாட்டு மேஜையிலேயே தைரியமாக விரித்து வைத்து எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள். எழுத்துக் கூட்டியாவது கடைசிவரை படி.

முதலில் இங்கே நடந்த கலாட்டாவைக் கேள். நான் மதம் மாறப் போகிறேனாம்! கீழ் வீட்டு ஜெயசீலி டீச்சர் எனக்கு ஒரு இங்கிலீஷ் நாவல் கொடுத்தார். பைபிளில் வருகிற ஒரு குடும்பத்தை வைத்து எழுதிய சரித்திரக் கதை. அட்டையில் ஒரு கூடாரம், முக்காடு போட்ட ஒரு பெண். போன ஞாயிற்றுக்கிழமை ஜனக்புரியிலிருந்து வந்த உன் வேதாந்தம் பெரியப்பா அதைச் சோபாவில் பார்த்துவிட்டார். என்னிடம் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் மெட்ரோவில் வீடு போய்ச் சேர்வதற்குள் பெங்களூர், ஸ்ரீரங்கம் என்று எல்லா இடத்துக்கும் போன் போய்விட்டது. கோயம்புத்தூரிலிருந்து ருக்கு சித்தி அழாத குறையாக, அக்கா, நோக்கு என்ன கொறை, ஏன் இப்படிப் பண்றே என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் குக்கர் விசிலை எண்ண மறந்து பருப்பு கூழாகிவிட்டது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் புத்தகத்தில் என்று நீயும் கேட்பாய். ஆடு, கிணறு, கூடாரம், புழுதி. மாமனார் மருமகனை ஏமாற்றுகிறார், மருமகன் திருப்பி ஏமாற்றுகிறான், அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய ஹாரான் என்கிற ஊர். ஆனால் ஆட்டு மந்தையின் வாடை இங்கே என் மூக்கில் அடிக்கிறது! இதையே கும்பகோணத்தில் நடந்ததாக எழுதியிருந்தால், இது எந்த அத்தை, அது எந்த மாமி என்று ஆராய்ந்து பத்தாம் பக்கத்தில் மூடி வைத்திருப்பேன். ஹாரானில் எனக்கு யாரையும் தெரியாது, என்னையும் யாருக்கும் தெரியாது. அதனால் பயமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான், அட, இது நம் வீடாயிற்றே என்று தெரிந்தது.

கதை இதுதான். லாபான் என்பவருக்கு இரண்டு பெண்கள், லேயாள் மூத்தவள், ராகேல் இளையவள். யாக்கோபு என்கிற பிள்ளை இளையவள்மேல் ஆசைப்பட்டு, அவளுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்க்கிறான். கல்யாண ராத்திரி லாபான் முக்காட்டைப் போட்டு மூத்தவளை உள்ளே அனுப்பிவிடுகிறார். விடிந்ததும் மாப்பிள்ளை கத்துகிறான். மாமனார் அலட்டிக்கொள்ளவே இல்லை. மூத்தவளுக்கு முடிக்காமல் இளையவளைக் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது என்கிறார். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதா? அப்படியே உன் பெரியப்பா!

டீச்சரிடம் தமிழ் பைபிளையும் வாங்கிப் பார்த்தேன். அந்தக் காலையில் லேயாள் என்ன சொன்னாள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நாவலில் அவளேதான் கதை சொல்கிறாள். வெளிச்சம் வரும்போது அவன் முகம் மாறுவதை அவள் படுத்தபடியே பார்க்கிறாள். அந்தப் பக்கம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். என்னைப் பெண் பார்க்க உன் அப்பா சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது காபி கொண்டுவந்தவள் ருக்கு. மறுநாள், சின்னவளைக் கொடுப்பார்களா என்று கேட்டு அனுப்பினார்கள். மூத்தவள் இருக்கும்போது அந்தப் பேச்சே வேண்டாம் என்றார் உன் தாத்தா. சரி, பரவாயில்லை, மூத்தவளே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அந்தப் பரவாயில்லைக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன். அப்பா நல்லவர், என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ருக்குவுக்கு இது எதுவுமே தெரியாது. ஆனால் இன்றைக்கும் ருக்கு வருகிறாள் என்றால் அப்பா உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருவார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஹம்சா. எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயம். உனக்கு முடிக்காமல் சுஜாதாவுக்கும் பிரதீப்புக்கும் முகூர்த்தம் பார்க்கக் கூடாது என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்து, குர்காவ்ன் சுந்தரேஷின் ஜாதகத்தை எடுத்து வைத்தார். இத்தனை வருஷமாகக் கல்யாணமே வேண்டாம் என்றவள், அவனோடு ஒரே ஒரு தடவை வீடியோவில் பேசிவிட்டு, ஓகேம்மா, ஜல்தி முடிச்சுடுங்கோ என்றாய். எல்லோரும் ஸ்வீட் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை. தங்கைக்கு வழி விடுகிற ஓகே அது. பெற்றவளுக்கு அது தெரியாதா?

நேற்று நானே பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். சுஜாதா கல்யாணம் தை மாதம் நடக்கும், பத்திரிகையில் உங்கள் பெயரை முதலில் போடட்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். நாலு பேர் என்ன சொல்லுவா என்றார். லாபான் காலத்துலேர்ந்து அதையேதான் சொல்லிண்டிருக்கா, கேட்டாச்சு என்றேன். அச்சா, இதெல்லாம் அந்தப் புஸ்தகத்தோட வேலையா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அப்பா எல்லாவற்றையும் கேட்டபடி நடந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து நின்று, அண்ணா கோவிச்சுண்டா நான் பாத்துக்கறேன், நீ பயப்படாதே என்றார். எதை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சுந்தரேஷ் வீட்டார் தட்டு மாற்ற வருவதாக இருக்கிறார்கள். அதற்குள் எனக்கு உன் பதில் வேண்டும். அந்தப் பிள்ளையை உனக்கு நிஜமாகவே பிடித்திருந்தால் சொல்லு, வாசலில் கோலம் போட்டு நானே வரவேற்கிறேன். சுஜாதாவுக்காக என்றால் வேண்டாம். அவள் கல்யாணத்தை நடத்த நான் இருக்கிறேன். சுந்தரேஷ் வீட்டாரிடம் மரியாதையாகச் சொல்லி நிறுத்துவதும் என் பொறுப்பு. செக்‌ஷன் ஆபீசராக இருந்தவளுக்கு ஒரு ஃபைலைத் திருப்பி அனுப்பத் தெரியாதா என்ன? வேண்டாம் என்று ஒரு வார்த்தை அனுப்பு. அதை என்னிடம் சொல்ல நீ தயங்க வேண்டியதே இல்லை.

கல்யாணமே இல்லாமல் நீ டப்ளினில் ராணி மாதிரி இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். என்றைக்காவது வேண்டும் என்று உனக்கே தோன்றினால், உன்னைப் பார்க்க வருகிறவன் உன்னையே பார்க்கட்டும். பகவானிடம் உனக்காக நான் கேட்பது அது ஒன்றுதான்.

உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்
அம்மா
அனந்தலக்ஷ்மி